கதவு, ஃபெண்டர் கேப் சரிசெய்தல்: இடது பக்கம் முடிந்தது

புதுப்பிக்கிற கார் 1960களின் ரகம். இரண்டு கதவு, சேஸிஸ் தனி, பாடி தனி. வெல்டிங் முடிந்தாயிற்று, பட்டி (மேடுபள்ளம் நிரப்பும் பூச்சு) இன்னும் தொடவில்லை. இடது கதவுக்கும் ஃபெண்டருக்கும் (முன் சக்கரத்தின் மேலுள்ள பக்கத் தகடு) நடுவே கேப், அதாவது இடைவெளி, மேலே 8 மி.மீ., கீழே 4 மி.மீ. கண்ணில் முதலில் படுவது இந்தக் கோணல்தான், அதனால் கை நேராக ஃபெண்டர் போல்ட்டுக்குப் போகும். போகவிடக் கூடாது. கதவுக்குப் பின்னால் இருக்கும் பக்கத் தகடான குவார்ட்டர் பேனல் வெல்டு ஆனது, நகராது. அதற்குக் கதவு, கதவுக்கு ஃபெண்டர், ஃபெண்டருக்கு பானட் என்று பின்னாலிருந்து முன்னால் வருவதுதான் வரிசை. ஃபெண்டரில் தெரிகிற கோணல் பாதிக்கு மேல் கதவுடையதாக இருக்கும். இங்கேயும் அப்படித்தான்.

முதலில் வண்டி நிற்கிற விதம். ஸ்டாண்டு மேல் வைத்து அளந்த கேப்பும், நான்கு சக்கரத்தில் இறக்கி அளந்த கேப்பும் ஒன்றாக இல்லை. கதவின் பின் விளிம்பில் மேல் மூலை மட்டும் 2 மி.மீ. மாறியது. பழைய சேஸிஸ் அவ்வளவு வளையும். இன்ஜின், கியர்பாக்ஸ் உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த எடைக்கு மணல் மூட்டை வைத்தாவது அளக்க வேண்டும். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே நசுங்கிப்போன பாடி மவுண்ட் ரப்பர்களையும் இப்போதே மாற்றிவிட வேண்டும். கீல் மாட்டியிருக்கும் முன் தூணுக்குக் கீழே உள்ள மவுண்டில் ஒரு ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) ஏற்றினால் தூண் பின்னால் சாய்ந்து கதவு வாய் மேலே குறுகும், எடுத்தால் அகலும். கீலை எவ்வளவு நகர்த்தினாலும் தீராத கோணல் இருந்தால் காரணம் பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்து ஸ்ட்ரைக்கரையும் (கதவு லாக் போய்க் கவ்வும், தூணில் உள்ள கொக்கி) கதவு வாயைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பரையும் கழற்றியாக வேண்டும். ஸ்ட்ரைக்கர் இருந்தால் தொங்கிய கதவைக்கூட அது தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராகக் காட்டும். சந்தேகம் இருந்தால், கழற்றுவதற்கு முன் கதவை மெல்ல மூடி, கடைசி 5 செ.மீ. தூரத்தில் பின் விளிம்பை மட்டும் பார்க்கலாம். லாக் ஸ்ட்ரைக்கரைத் தொட்டதும் கதவில் ஓடும் மடிப்புக் கோடு (பாடி லைன்) ஒரு குதி மேலே ஏறினால், கதவின் பாரத்தை ஸ்ட்ரைக்கர் சுமக்கிறது என்று அர்த்தம்.

கதவைப் பாதி திறந்து பின் விளிம்பைப் பிடித்துத் தூக்கியதில் 5.5 மி.மீ. ஆட்டம் இருந்தது. இரண்டு கீலிலும் ஆணியும் (பின்) அது சுழலும் குழலும் (புஷ்) தேய்ந்து, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 1 மி.மீ. ஆட்டம். மேல் கீல் பின்னால் இழுபட, கீழ்க் கீல் முன்னால் தள்ளப்படுகிறது. கீல்களுக்கு நடுவே 40 செ.மீ., கதவின் நீளம் 110 செ.மீ. ஆக, கீலில் 1 மி.மீ. என்பது பின் விளிம்பில் 2.75 மி.மீ. இந்தக் கணக்கை நினைவில் வைத்தால் கீலைத் தாறுமாறாக நகர்த்தத் தோன்றாது. புது பின், பித்தளை புஷ் போட்டதும் ஃபெண்டர் பக்கம் (மேலே/கீழே) 8/4 இருந்தது 6.5/5 ஆகிவிட்டது. ஃபெண்டர் போல்ட் ஒன்றுகூடத் தளர்த்தவில்லை. கீல் தேய்ந்திருக்கும்போது கதவை அட்ஜஸ்ட் செய்வது வீண் வேலை. ஒரு மாதத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

இந்த வண்டியில் தூண் பக்க போல்ட்டுகள் மேல்‑கீழ், முன்‑பின் நகர்த்த. கதவு பக்க போல்ட்டுகள் உள்‑வெளி நகர்த்த. சில வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு கீலை மட்டும், போல்ட்டை முழுக்கத் தளர்த்தாமல், கட்டையால் தட்டினால் நகரும் அளவுக்கு விட்டால் போதும். கதவுக்குள் கண்ணாடியும், அதை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரும் இருந்தாக வேண்டும். வெறும் கூட்டை வைத்து நேர் பார்த்தால், கண்ணாடி ஏறியதும் பின் பக்கம் இறங்கிவிடும்.

மட்டத்தில் ஒரு சிக்கல். கதவின் பின்புறக் கீழ் மூலை குவார்ட்டர் பேனலைவிட 3 மி.மீ. வெளியே நின்றது, நடுவில், லாக் இருக்கும் இடத்தில், சரியாக இருந்தது. இதற்கு எதிர்மூலையில் வைத்தியம்: மேல் கீலைக் கதவு பக்கம் வெளியே எடுத்தால் பின்புறக் கீழ் மூலை உள்ளே போகும். முன்னால் மேலே ஃபெண்டரோடு மட்டம் கெடாத அளவுக்கு 1 மி.மீ.தான் எடுக்க முடிந்தது. மீதிக்குக் கதவையே முறுக்க வேண்டியதாயிற்று. பின் விளிம்பின் மேல் மூலையில் துணி சுற்றிய மரக்கட்டையைத் தூணுக்கும் கதவுக்கும் நடுவே வைத்து, கீழ் மூலையை முழங்காலால் உள்ளே அழுத்துவது. அழுத்தி, விட்டு, அளந்து, மறுபடி. பயமாகத்தான் இருக்கும், ஆனால் தொழிற்சாலையிலும் இதே மாதிரி வளைத்துத்தான் மாட்டினார்கள்.

கேப் அளக்க ட்ரில் பிட்டின் தண்டு போதும்: 4, 5, 5.5, 6. விளிம்பை ஒட்டி மாஸ்கிங் டேப் ஒட்டி, 15 செ.மீ.க்கு ஒரு அளவு எழுதினால் எங்கே கோணல், எங்கே வளைவு என்று ஒரே பார்வையில் தெரியும். குறி 5.5. பிரைமர், கலர், கிளியர் சேர்ந்து ஒரு விளிம்புக்குக் கால் மி.மீ. வரும், இரண்டு விளிம்புக்கு அரை. பெயின்ட் ஆனபின் 5 நிற்கும். இன்றைய கார் மாதிரி 3.5 வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. திறக்கும்போது கதவின் முன் விளிம்பு ஃபெண்டருக்குள் திரும்புகிறது என்பதை மறந்தால் முதல் நாளே பெயின்ட் உரியும்.

கதவின் பின் விளிம்பில் மேல் பகுதி மட்டும் 7.5. அதற்குக் கீல் மருந்தில்லை. 2 மி.மீ. இரும்புக் கம்பியை விளிம்பில் வைத்து, 3 செ.மீ. இடைவிட்டுப் புள்ளி வெல்டு, இடம் மாற்றி மாற்றி. ஒரே பக்கம் தொடர்ந்து போனால் தகடு சூட்டில் நெளியும். பிறகு இடைவெளிகளை நிரப்பித் தேய்த்தால் சரி. அங்கே பட்டி போட்டு இழுத்தால், கதவை ஒருமுறை ஓங்கிச் சாத்தியதும் உதிரும். கேப் குறைவான இடத்தில் கதவு விளிம்பைத் தேய்ப்பதும் ஆபத்து: அது மடித்த தகடு, மடிப்பு அறுந்தால் வெளித்தகடு கழன்றுவிடும்.

இதற்குப் பிறகுதான் ஃபெண்டர். 6.5/5 மிச்சம். ரேடியேட்டர் சப்போர்ட்டுக்குக் கீழே 3.2 மி.மீ. ஷிம் ஒன்று ஏற்றினால் ஃபெண்டரின் மூக்கு தூக்கும். பின்னால் மேல் போல்ட்டில் திரும்பி, கீழ் விளிம்பு கதவைவிட்டு விலகும். சில் (கதவு வாயின் கீழ்ப் படி) பக்கக் கீழ் போல்ட் தளர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகடுதான் முறுக்கும். அளவு 6.5/6.3 ஆனது. மொத்தமாக 1 மி.மீ. பின்னால் தள்ளி இறுக்கியதில் 5.5/5.3. ஃபெண்டரின் பின் விளிம்பில் டேப் மூன்று அடுக்கு ஒட்டி, கதவை மிக மெதுவாக முழுக்கத் திறந்து பார்த்தாயிற்று; உரசல் இல்லை.

புது பீடிங் ரப்பரை மாட்டியதும் கதவு 4 மி.மீ. வெளியே தள்ளியது. ரப்பர் பழகப் பழக அமுங்கும் என்றாலும் 4 அதிகம். ஸ்ட்ரைக்கரை உள்ளே இழுத்து மூடினால் நடு மட்டும் மட்டமாகி மேலும் கீழும் துருத்தும். உள்ளே குழலாக உள்ள மெல்லிய ரப்பருக்கு மாற்றியதில் 1 மி.மீ.தான் மிச்சம். மூடியே வைத்திருக்கிறது.

பெயின்ட்டுக்குக் கழற்றும் முன், ஒவ்வொரு கீல் தகட்டிலும் இரண்டு இடத்தில் தூண் வரை 3 மி.மீ. ஓட்டை போட்டாயிற்று. திரும்ப மாட்டும்போது அதே பிட்டைச் செருகினால் கீல் பழைய இடத்திலேயே உட்காரும். ஷிம்களைப் போல்ட் வாரியாகத் தனித்தனிப் பையில் போட்டு எண் எழுதியிருக்கிறது. வலது பக்கக் கதவில் தூக்கிப் பார்த்தால் ஆட்டம் 3 மி.மீ.; புஷ் அங்கேயும் மாற்ற வேண்டும்.