‘எப்போது’ என்பதற்கு முன் ‘எதற்கு’

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை, “எப்போது வரலாம்?” என்ற கேள்வியோடு தொடங்குகின்றன. இரண்டு நாற்காலிகள் உள்ள ஒரு மருத்துவமனையில் அப்பாயின்ட்மென்ட் பதிவேட்டைக் கவனித்துவரும் நான், அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்வதில்லை. எதற்காக வருகிறார், எந்தப் பல், முன்பு தொடங்கிய சிகிச்சை ஏதும் பாதியில் நிற்கிறதா என்பதையெல்லாம் விசாரித்த பிறகே பதிவேட்டைத் திறக்கிறேன். நேரம் கேட்டவரிடம் இப்படித் துருவுவது சிலருக்கு எரிச்சலூட்டும்தான். ஆனால் காரணம் தெரியாமல் கொடுத்த நேரம், அவருக்குப் பின்னால் வரும் நான்கைந்து பேரின் நேரத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

பல் மருத்துவத்தில் பேசுவது, பரிசோதிப்பது, அறுவைச் சிகிச்சை செய்வது எல்லாமே ஒரே நாற்காலியில் நடக்கின்றன. தையல் பிரிக்க வந்தவருக்குப் பத்து நிமிடம் போதும். அதே நாற்காலியில் அடுத்து அமர்பவருக்கு ஒன்றரை மணி நேரம் தேவைப்படலாம். “ரூட் கேனால்” என்று மட்டும் எழுதிவைத்தாலும் பயனில்லை. முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே வேர்க்குழாய்தான். கடைவாய்ப்பல்லில் மூன்றோ நான்கோ இருக்கும், ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, நீளம் அளந்து, சுத்தம் செய்தாக வேண்டும். மரத்துப்போகும் ஊசியின் கணக்கும் பல்லுக்குப் பல் மாறுகிறது. மேல்தாடையில் பல்லின் அருகிலேயே போடும் ஊசி சில நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கிவிடும். கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல் என்றால், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தில் ஊசி போட வேண்டியிருக்கிறது. அது முழுமையாக மரத்துப்போக ஐந்து முதல் பத்து நிமிடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பல்லுக்குள் இருக்கும் மென்மையான திசுவான உட்கூழ் கடுமையாக அழற்சி கண்டிருந்தால், முதல் ஊசி பிடிக்காமல் இரண்டாவது ஊசி போட வேண்டிவருவதும் உண்டு. இதையெல்லாம் வரவேற்பு மேசையில் இருப்பவர் ஊகித்து எழுத முடியாது, எழுதவும் கூடாது.

ஆகவே எங்களிடம் அடுத்த வருகைக்கு எவ்வளவு நேரம் என்பதை மருத்துவரே எழுதிக்கொடுக்கிறார். பதிவேட்டில் பத்து நிமிடம் ஒரு கட்டம். சிகிச்சை முடிந்து நோயாளி வாய் கொப்பளித்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய தாளின் கடைசி வரியில், “36, குழாய் அடைத்தல், 5 கட்டம், ஒரு வாரம் கழித்து” என்பதுபோல ஒரு குறிப்பு ஏறிவிடும். 36 என்பது கீழ்த்தாடையின் இடப்புற முதல் கடைவாய்ப்பல்லின் எண். அந்த ஒற்றை வரியில் எனக்குத் தேவையான அனைத்தும் இருக்கின்றன. குறிப்பு இல்லாத தாள் மேசைக்கு வந்தால், நோயாளியை ஒரு நிமிடம் அமரச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கேட்டு வருவேன். மருத்துவரின் முகம் சற்றுச் சுளித்தாலும் பரவாயில்லை.

அந்த ஐந்து கட்டங்களுக்குள்ளும் மருத்துவரின் நேரம் வேறு, நாற்காலியின் நேரம் வேறு என்று பிரித்துப் பார்ப்பது பயன் தருகிறது. ஊசி போட்ட பிறகு மரத்துப்போகும் வரையுள்ள இடைவெளியில் மருத்துவருக்கு அங்கே வேலையில்லை. முடிந்ததும் நாற்காலியைத் துடைத்து, கருவிகளை மாற்றும் நேரத்திலும் அவர் தேவைப்படுவதில்லை. இரண்டாவது நாற்காலியில் தையல் பிரிப்பதும், கம்பி போட்டவர்களின் சிறு சரிபார்ப்பும், புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பதும் அந்த இடைவெளிகளில்தான் பொருந்துகின்றன. இரண்டு நாற்காலிகளிலும் ஒரே நேரத்தில் ஊசி போடும் வேலையைப் பதிவு செய்துவிட்டால், இரண்டாவது நாற்காலி இருந்தும் இல்லாததுபோல ஆகிவிடும்.

தாமதத்துக்கு ஒரு விநோதக் குணம் உண்டு. ஒருவருக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வேலை முடிந்தாலும், அடுத்தவர் இன்னும் வந்து சேரவில்லை என்றால் அந்தப் பத்து நிமிடம் வீணாகிறது. பத்து நிமிடம் அதிகமானாலோ, அது அப்படியே அடுத்தவர் தலையில் ஏறி, அவருக்கும் இழுத்தால் இன்னும் வளர்ந்துகொண்டே போகும். எனவே சராசரி நேரத்தை மட்டும் வைத்து நாளை நிரப்பினால், கணக்கு சரியாகவே இருந்தும் மாலையில் காத்திருப்போர் வரிசை நீண்டுவிடுகிறது. வெல்ச், பெய்லி ஆகிய இருவர் 1952இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் புறநோயாளிகள் பிரிவுகளின் வரிசையைக் கணக்கிட்டு ஓர் ஏற்பாட்டை முன்வைத்தார்கள்: தொடக்கத்தில் இருவரை ஒரே நேரத்துக்கு வரச் சொல்லி, பிறகு சராசரி ஆலோசனை நேரத்துக்கு ஒருவராக அழைப்பது. மருத்துவர் சும்மா இருக்கக் கூடாது என்பதற்கு அது நல்ல வழி. பரிசோதனை மட்டும் நடக்கும் இடத்தில் அது இன்றும் எடுபடும் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு மணி நேரச் சிகிச்சைகள் உள்ள காலைப் பொழுதில் இருவரை ஒன்பது மணிக்கு வரச் சொன்னால், ஏற்கெனவே பயந்துபோய் வந்திருக்கும் ஒருவர் உள்ளிருந்து வரும் டிரில் சத்தத்தை ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருக்க நேரும். நான் அதைச் செய்வதில்லை. நாளின் முதல் நேரத்தை எப்போதும் ஒருவருக்கே கொடுக்கிறேன்.

அதைவிட நான் பிடிவாதமாகக் காப்பது, தினமும் இரண்டு இடங்களில் விட்டுவைக்கும் காலியான அரை மணி நேரங்களை. ஒன்று மதிய இடைவேளைக்குச் சற்று முன்பு, மற்றொன்று இடைவேளை முடிந்ததும். இவை அவசரமாக வருபவர்களுக்காக. பல்வலியோடு ஒருவராவது வராத நாள் மிக அரிது. இடம் வைத்திருந்தாலும் வைக்காவிட்டாலும் அவர் வரத்தான் போகிறார். மதியத்துக்கு முன்பு அவரைப் பார்த்தால், வேலை இழுத்தாலும் பாதிக்கப்படுவது எங்கள் சாப்பாட்டு நேரம் மட்டுமே. அந்த அரை மணியில் நடப்பது வலியை நிறுத்தும் வேலை: பல்லைத் திறந்துவிடுவது, சீழை வெளியேற்றுவது, உடைந்த கூர்மையான ஓரத்தை மழுங்கடிப்பது. சிகிச்சையை முடிப்பதற்கு வேறு நாள் கொடுக்கப்படும். முதல் நாள் மாலையே அந்தக் கட்டங்களை வழக்கமான நோயாளிகளால் நிரப்பிவிடலாம் என்ற ஆசை எல்லா நிர்வாகிகளுக்கும் வரும். அன்று காலை வரை யாரும் அதில் எழுதக் கூடாது என்பது எங்கள் ஏற்பாடு.

எது அவசரம் என்று தொலைபேசியிலேயே பிரித்தறிவதும் இந்த வேலையின் ஒரு பகுதியே. கன்னம் வீங்கியிருக்கிறதா, காய்ச்சல் உண்டா, வாயைத் திறக்க முடிகிறதா, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருக்கிறதா என்ற வரிசையில் கேட்கிறேன். கடைசிக் கேள்விக்கு “ஆமாம்” என்று பதில் வந்தால் எங்களிடம் அப்பாயின்ட்மென்ட் இல்லை. தாடைக்குக் கீழே பரவும் தொற்று மூச்சுப் பாதையை அடைத்துவிடக்கூடும் என்பதால், உடனே பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொல்லிவிடுவேன். இன்னொரு வகை அழைப்பு இப்படி இருக்கும்:

“பையன் கீழே விழுந்துட்டான்ங்க, முன்பல்லு அப்படியே கையோட வந்துடுச்சு.”

“வயசு என்னம்மா?”

“ஒன்பது.”

ஒன்பது வயதில் மேல் முன்பல் நிலையான பல்லாகத்தான் இருக்கும். வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடிக்க வேண்டும், அழுக்கு இருந்தால் லேசாக மட்டும் அலச வேண்டும், முடிந்தால் பல் இருந்த குழியிலேயே திரும்ப வைத்து ஒரு துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும், முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்த நாற்காலியைக் காலி செய்யச் சொல்வேன். வேரின் மேலுள்ள உயிரணுக்கள் வெளியில் உலர்ந்தபடி ஒரு மணி நேரம் தாங்குவதே கடினம். எவ்வளவு விரைவாகப் பொருத்துகிறோமோ அவ்வளவு நல்லது. வரவேற்பறையில் காத்திருப்பவர்களிடம் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். மூன்று வயதுக் குழந்தையின் பால் பல் என்றால் அதைத் திரும்பப் பொருத்துவதில்லை. ஆனாலும் அன்றே பார்த்துவிட வேண்டும்.

யாரை எந்த வேளையில் அழைப்பது என்பதிலும் சிந்திக்க நிறைய இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்குக் காலை உணவும் மருந்தும் முடித்தபின் வரும்படி நேரம் கொடுக்கிறேன். மதிய உணவு நேரத்தைத் தாண்டி அவர்களைக் காக்கவைத்தால் சர்க்கரை இறங்கிவிடக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்குவதென்றால், நாளின் தொடக்கத்திலும் வாரத்தின் தொடக்கத்திலும் வைப்பது நல்லது. ரத்தக் கசிவு நிற்காவிட்டால் அன்றே, அல்லது மறுநாளே வந்து காட்டிக்கொள்ள மருத்துவமனை திறந்திருக்கும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களை அதற்கு மறுநாள் அழைக்கிறோம். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கப்படும் ஹெப்பாரின் அதற்குள் வடிந்திருக்கும், உடல் அசதியும் குறைந்திருக்கும். கர்ப்பிணிகளுக்கு அவசரமில்லாத சிகிச்சை என்றால் நடு மூன்று மாதங்களே வசதி, அதுவும் குறைந்த நேரம் சாய்ந்திருக்கும்படி. சிறு குழந்தைகளைத் தூங்கும் வேளையில் அழைத்துவிட்டுப் பிறகு அழுகிறார்கள் என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

பல் பிடுங்கிய இடத்தில் ரத்தக்கட்டு கலைந்து எலும்பு வெளித்தெரிவதால் வரும் கடும் வலி, பெரும்பாலும் இரண்டாவது நாளுக்கும் நான்காவது நாளுக்கும் இடையில் தொடங்குகிறது. ஞானப்பல் அறுவைச் சிகிச்சையை நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாளில் வைத்தால், அந்த வலி வரும் நாளில் எங்கள் கதவு பூட்டியிருக்கும். விடுமுறையில் ஓய்வெடுக்கலாம் என்று நோயாளிகள் கேட்பது அந்த நாளைத்தான். காரணத்தைச் சொல்லி, இரண்டு நாள் முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

மருத்துவமனைக்கு வெளியேயும் உள்ளேயும் நம் கையில் இல்லாத இரண்டு கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, கேப்பும் பல் செட்டும் செய்துதரும் லேப். கேப் போடப் பல்லைச் செதுக்கி அளவு எடுத்த அன்றே, “அடுத்த வாரம் இதே நாள் வாருங்கள்” என்று சொல்லிவிடுவது எளிது. லேப் தேதியை உறுதிசெய்யாமல் சொன்னால், ஒருவர் விடுப்பு எடுத்து வந்து வெறுங்கையோடு திரும்ப நேரும். எனவே லேப் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் கழித்தே பதிவு செய்கிறேன். வேலை கைக்கு வந்துவிட்டதா என்று முன்கூட்டியே பார்த்து, பெட்டியின் மேல் பெயரும் நேரமும் எழுதிவைக்கிறேன். முழுப் பல் செட் என்றால் அளவு எடுப்பது, கடி பார்ப்பது, மெழுகில் பொருத்திப் பார்ப்பது என்று பல வருகைகள். செட்டைக் கொடுக்கும் நாளிலேயே, ஓரிரு நாளில் ஈறு உறுத்தும் இடத்தைச் சரிசெய்வதற்கான நேரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். மற்றொன்று, கருவிகளை நீராவியால் கிருமி நீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ். 134 பாகை செல்சியஸில் கிருமி நீக்கம் நடப்பது மூன்று நிமிடம்தான் என்றாலும், சூடேறி, உலர்ந்து, ஆறிக் கைக்கு வர அரை மணிக்கு மேல் ஆகிவிடும். அறுவைச் சிகிச்சைக் கருவித் தொகுப்பு இரண்டுதான் இருக்கிறது என்றால், அடுத்தடுத்து மூன்று ஞானப்பல் வேலைகளைப் பதிவேடு ஏற்றாலும் ஆட்டோகிளேவ் ஏற்காது.

இவ்வளவு பார்த்துப் பார்த்துப் போட்ட நேரத்துக்கு ஆள் வராமல் போவதும் உண்டு. நினைவூட்டும் குறுஞ்செய்தி, எதுவும் அனுப்பாமல் இருப்பதைவிட வருகையைக் கூட்டுகிறது என்பதை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2013ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பும் உறுதிசெய்கிறது. முதல் நாள் இரவு அனுப்பினால், வர முடியாதவர் சொன்னாலும் அந்த இடத்தை நிரப்ப எனக்கு அவகாசம் இருக்காது. இரண்டு நாள் முன்பே அனுப்பி, பதில் வராத நீண்ட நேரப் பதிவுகளுக்கு மட்டும் தொலைபேசியில் பேசுகிறேன். செய்தியில் நாளும் நேரமும் இருக்கும், என்ன சிகிச்சை என்பது இருக்காது. அந்தத் தொலைபேசி வீட்டில் யார் கையில் இருக்கும் என்று நமக்குத் தெரியாது. செயற்கை இதய வால்வு உள்ளவர்கள், மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாட்டிக்கைச் சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு எடுத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் நேரில் பேசியே நினைவுபடுத்துகிறேன்.

வராதவர்களிடம் அபராதம் வாங்கலாம் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வராமல் போகிறவர்களில் கணிசமானோர் மறந்தவர்கள் அல்லர், பயந்தவர்கள்; அபராதம் போட்டால் வலி தாங்காத நிலை வரும் வரை ஒதுங்கியே இருப்பார்கள். அப்படிப்பட்டவருக்கு முதல் வருகையில் ஊசியோ டிரில்லோ இல்லாத இருபது நிமிடம் கொடுத்தால் அடுத்ததற்கு வந்துவிடுகிறார். காரணமே சொல்லாமல் திரும்பத் திரும்ப வராதவருக்கு முன்பதிவு கொடுப்பதை நிறுத்திவிட்டு, அன்று காலை அழைத்தால் அன்று இருக்கும் இடத்தைத் தருகிறேன். அவருக்கும் அதுவே சௌகரியமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுவது என்ற பழக்கம் எல்லோருக்கும் பொருந்தாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2004இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தவர்களுக்கு அவரவர் நோய் வாய்ப்பைப் பொறுத்து 3 மாதம் முதல் 24 மாதம் வரை இடைவெளி வைக்கலாம் என்கிறது. ஈறு நோய் உள்ளவரும், சொத்தையே இல்லாத வாயோடு வருபவரும் ஒரே இடைவெளியில் அழைக்கப்பட்டால், முன்னவர் தாமதமாகவும் பின்னவர் தேவையில்லாமலும் வந்து உட்காருவார்கள். எங்கள் மருத்துவர் இடைவெளியையும் தாளிலேயே எழுதிவிடுவதால், மறுபரிசோதனைக்கு வர வேண்டியவர்களின் பட்டியல் மாதவாரியாக என்னிடம் இருக்கிறது. அதே பட்டியலில், “குறுகிய அவகாசத்தில் அழைத்தால் வர முடியுமா?” என்ற கேள்விக்கு ஆமாம் என்றவர்களின் பெயருக்கு எதிரே ஒரு குறியும், அவர்களுக்கு எத்தனை கட்டம் வேண்டும் என்பதும் எழுதியிருக்கும். காலை பத்து மணிக்கு வர வேண்டிய நான்கு கட்ட நோயாளி எட்டரைக்கு அழைத்து முடியாது என்று சொன்னால், நான்கு கட்டத்துக்குள் அடங்கும் வேலை உள்ள, அருகில் இருப்பவர் யார் என்று அங்கேதான் தேடத் தொடங்குவேன்.