ஒன்று விழுந்தால் 'ஆமாம்'

"குடித்துவிட்டு மோட்டார் ஓட்டியிருக்கிறீர்களா?" என்று நேராகக் கேட்டால் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் எல்லோரும் உத்தமர்கள். கணக்கெடுப்புக்குப் போன முதல் நாள் மாலையே கள்ளுக்கடை வாசலில் மோட்டார்கள் வரிசையாக நின்றதைப் பார்த்தேன்.

பயம் நியாயமானதுதான். 2020 அக்டோபரில் சட்டம் இறுகியபின், முதல்முறை பிடிபட்டாலே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், சிறையும் உண்டு. செம்பனைக் குலை வெட்டுகிறவர், கழுத்தில் அட்டை தொங்கும் அந்நியனிடம் இதை ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

அடுத்த முறை பகடையோடு போனோம். 1965இல் ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர் முன்வைத்த யோசனையின் வழிவந்த முறை அது. எனக்குக் காட்டாமல் உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் 'ஆமாம்', ஆறு விழுந்தால் 'இல்லை', மற்றவற்றுக்கு உண்மை. 120 பேரில் 48 பேர் 'ஆமாம்' என்றால், சுமார் 20 பகடையின் சொல். உண்மை பேசிய 80 பேரில் மிச்சம் 28. அதாவது 35 விழுக்காடு. யார் அந்த 28 என்று எனக்கே தெரியாது. பகடை கலக்கும் குழப்பத்தை ஈடுகட்டக் கூடுதல் பேரைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

தாளில் அழகான முறை. கோயில் தலைவர் ஒருவர் பகடையை உருட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்: "வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை தம்பி. விளையாட்டுக்குக்கூட அந்த 'ஆமாம்' என் வாயில் வராது." அவராவது சொல்லிவிட்டார். சொல்லாமலே 'இல்லை' என்றவர்கள் எத்தனை பேரோ! அத்தனை பேரும் கணக்கைக் கீழே இழுக்கிறார்கள்.

எனவே 'ஆமாம்' என்ற சொல்லே வராத முறைக்கு மாறினோம். இரண்டு வாக்கியங்கள்: குடித்து ஓட்டியது ஒன்று, தாய் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பிறந்தது இன்னொன்று. இரண்டுக்கும் விடை ஒன்றா, வேறு வேறா என்று மட்டும் சொன்னால் போதும்.

"அம்மா பிறந்தது ஆடி. அது எந்த இங்கிலீஷ் மாதம், தம்பி?" என்றார் ஒரு பெரியவர். மாதத்தைச் சொன்னதுமே திரை விலகிவிட்டது. இனி அவர் எதைச் சொன்னாலும் எனக்கு விளங்கிவிடும். "வேறு யாராவது ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள் ஐயா, மாதத்தை மட்டும் சொல்லாதீர்கள்" என்றேன். அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"நான் பிப்ரவரி!" என்று சமையற்கட்டிலிருந்து குரல் வந்தது.