மிஸ்டர் ஓ

என் ஆபீஸ் காலண்டரில் செவ்வாய், புதன், வியாழன் மதியம் 12.30க்கு "மிஸ்டர் ஓ" என்று ஒரு மீட்டிங் இருக்கும். அரை மணி நேரம். அந்த மூன்று நாளும் எனக்கு வீட்டிலிருந்து வேலை.

ஓ என்றால் ஓணான். மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு வாங்கிய தாடி ஓணான் குட்டி. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்பகுதிதான் இதற்குச் சொந்த ஊர். ஆனாலும் இங்கே சிட்னியில் வளர்க்க அரசாங்கத்திடம் உரிமம் வாங்க வேண்டும். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பார்களே, நான் அதைப் பணம் கட்டி, முறைப்படி விட்டுக்கொண்டவன்.

குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை பூச்சி. பத்துப் பதினைந்து நிமிடத்தில் எவ்வளவு தின்கிறதோ அவ்வளவும் போட வேண்டும். போட்டோம், கிளம்பினோம் என்று இருந்தால் பரவாயில்லை. காலையில் கூண்டுக்குள் இருக்கிற சூடு விளக்கைப் போட்டு, அதன் அடியில் துரை பாறைமேல் வெயில் காய்ந்து உடம்பு சூடேறின பிறகுதான் சாப்பிடுவார். பாறைமேல் 40 டிகிரி இருக்க வேண்டும். சாப்பிட்ட பிறகும் அந்தச் சூடு இருந்தால்தான் செரிக்கும். அதனால் ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்பி, நாலு பூச்சியைப் போட்டு விளக்கை அணைக்கும் வேலையெல்லாம் நடக்காது. 7.15 ரயிலைப் பிடிக்கிற நாளில் நான் ஐந்தரைக்கு எழுந்து விளக்குப் போடுகிறேன். எனக்கு டிபன் ரயிலில், ஒரு வாழைப்பழம்.

பூச்சி என்பது சுவர்க்கோழி. கடையில் டப்பாவில் உயிரோடு விற்கிறார்கள். டப்பாவுக்குள் அவற்றுக்கும் கேரட் போட வேண்டும். அவை நன்றாகத் தின்றால்தான் இவனுக்குச் சத்து. ஆக, வீட்டில் தினமும் சூடாக ஒருவருக்குச் சமையல் நடக்கிறதோ இல்லையோ, சுவர்க்கோழிக்குக் கேரட் சீவியாகிறது. பிறகு ஒரு பையில் பிடித்துப் போட்டு, கால்சியம் பொடியைத் தூவிக் குலுக்கினால், தலை முதல் கால் வரை திருநீறு பூசின அடியார்களாக வெளியே வரும்.

மதுரையிலிருந்து அம்மா வீடியோவில் இதைப் பார்த்துவிட்டார்.

"சைவக் குடும்பத்துல பிறந்துட்டு, வீட்டுக்குள்ள கோழியாடா?"

"சுவர்க்கோழிம்மா. அதுவும் சைவம்தான், விபூதியைப் பாருங்க."

போன் கட். பத்து நிமிடம் கழித்து மறுபடி அழைப்பு. கீரை கொடுத்தால் என்னவாம்? கொடுக்கிறோம், பொடியாக நறுக்கித் தட்டில் வைக்கிறோம், அதன்மேல் ஏறி நின்று பூச்சி எங்கே என்று பார்க்கிறான். குட்டியில்தான் இந்தப் பூச்சி வெறி, வளர்ந்த பிறகு பெரும்பாலும் கீரைதான் என்று விளக்கினேன்.

"அப்ப வயசானதாப் பார்த்து வாங்கியிருக்கலாமேடா."

வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனையை யாரும் சொல்லவில்லை. ஒரு மாதம் தாமதம், அவ்வளவுதான்.

நான் கிளம்பும்போது முன்னங்காலைத் தூக்கி மெதுவாக ஆட்டுவான். மகள் அதை டாட்டா என்கிறாள். உண்மையில் அது, "நீ பெரியவன், என்னை விட்டுவிடு" என்கிற சரணாகதி. சின்ன வயதில் ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்த கை இது. சொந்தக்காரர்கள் யாரோ சொல்லியிருப்பார்கள் போல.

போன வாரம் மீட்டிங் ஒன்று மதியம் வரை இழுத்துவிட்டது. கேமராவை அணைத்துவிட்டு, கையில் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன். திடீரென மேனேஜர், "யார் இந்த மிஸ்டர் ஓ? வாரம் மூன்று முறை சந்திக்கிறீர்களே" என்றார். பதறியதில் டப்பா கவிழ்ந்தது. பதில் சொல்லிக்கொண்டே சோபாவுக்கு அடியில் தவழ்ந்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. "முக்கியமான வாடிக்கையாளர், சாப்பாட்டு நேரத்தில்தான் பேசுவார்" என்று சொன்னதாக மகள் சொல்கிறாள்.

பெரும்பாலானவற்றைப் பிடித்துவிட்டேன். தப்பித்த ஒன்றுக்கு இப்போது இறக்கை முளைத்துவிட்டது. பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து ராத்திரி கச்சேரி. நைட் ஷிப்ட் இல்லாத நாளில் நிம்மதியாகத் தூங்கலாம் என்றிருந்த மனைவி, "என்னங்க, அதையும் பிடிச்சு அவனுக்கே போட்டுடுங்க" என்கிறாள்.

போடலாம்தான். ஆனால் ஓணானின் இரண்டு கண்ணுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைவிட நீளமான பூச்சியைக் கொடுக்கக் கூடாது. நேற்று மகளின் ஸ்கேலை வைத்து அளந்தேன். இன்னும் ஒரு சென்டிமீட்டர் பாக்கி.