கொல்வது சுலபம், அப்புறம்தான் வேலையே

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவுக்குப் புது மூலக்கூறு தேடுவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. கிருமியைக் கொல்லும் பொருள் கிடைப்பதே அபூர்வம் என்று பலர் நினைக்கிறார்கள். அட, பினாயில்கூடக் கொல்லும். கிருமியை மட்டும் கொல்ல வைப்பதில்தான் பாடு.

முதலில் எம்ஐசி, அதாவது கிருமி வளராமல் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்துச் செறிவு. 96 குழி பிளேட்டில் மருந்தின் செறிவைக் குழிக்குக் குழி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், பாக்டீரியாவைச் சேர்த்து இரவு முழுக்க வைத்தால், மறுநாள் எந்தச் செறிவு வரைக்கும் குழி கலங்காமல் இருக்கிறதோ அதுதான் விடை. எங்கள் சேர்மம் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை அடக்கியது, ஈ.கோலை என்ற இன்னொன்றைத் தொடக்கூட இல்லை. ஈ.கோலை சேர்ந்த கிராம் நெகட்டிவ் வகை பாக்டீரியாவுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது, அதைத் தாண்டி நுழைந்ததையும் வெளியே தள்ள பம்புகள் வேறு. சரி, தடை எங்கே என்று பார்க்க, பம்புக்குத் தேவையான டோல்சி மரபணுவை நீக்கிய ஈ.கோலையில் போட்டோம், வளர்ச்சி நின்றது. ஆக, மருந்து உள்ளே போகிறது, பம்புதான் அதைத் தங்க விடமாட்டேன் என்கிறது.

அமெரிக்க வேதியியலாளர் ஹெர்கன்ரோதரின் குழு 2017இல் சொன்ன வழி இருந்தது: அமீன் என்ற நைட்ரஜன் தொகுதி இருக்க வேண்டும், மூலக்கூறு தட்டையாகவும் அதிகம் வளையாமலும் இருந்தால் கிராம் நெகட்டிவுக்குள் சேரும். அமீன் சேர்த்தோம், சாதாரண ஈ.கோலையிலும் எம்ஐசி இறங்கியது. ஆனால் நேர்மின்னூட்டமும் கொழுப்பில் கரையும் தன்மையும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதால் சிவப்பணுக்களும் உடைய ஆரம்பித்தன! கொழுப்புப் பகுதியைச் சுருக்கிச் சுருக்கித்தான் அதைச் சமாளித்தோம், அதற்கே மாதக்கணக்கில் ஆனது.

அடுத்தது சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம். ரத்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்ட மருந்து வேலை செய்யாது, அதனால் சீரம் கலந்து எம்ஐசி பார்க்காமல் யாரும் குதிக்கக் கூடாது என்பது என் கட்சி. உடம்பில் உள்ள பொருள் மருந்தைப் பிடித்துக்கொள்வதற்கு ஓர் உதாரணம்: டாப்டோமைசின் ரத்தத்தில் நன்றாக வேலை செய்யும் ஆன்டிபயாட்டிக், ஆனால் நுரையீரலின் உட்புறத்தைப் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புப் பொருள் அதைப் பிடித்து முடக்கிவிடுவதால் நிமோனியாவுக்கு உதவாமல் போனது.

எனக்குப் பிடித்த கட்டம் எதிர்ப்புச் சோதனை, அதாவது பாக்டீரியா மருந்துக்கு அடங்காமல் மாறுகிறதா என்று பார்ப்பது. எம்ஐசியைப் போல நான்கு மடங்கு மருந்து கலந்த அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லி) கோடிக்கணக்கான செல்களைப் பரப்பி, தப்பி முளைக்கும் காலனிகளின் டிஎன்ஏவைப் படிப்போம். காலனி வருவது கெட்ட செய்திதான், ஆனாலும் மருந்து எந்தப் புரதத்தைத் தாக்குகிறது என்று காட்டிக்கொடுப்பதும் பெரும்பாலும் அந்தத் தப்பியவைதான். எங்களுக்கும் ஒரே மரபணுவில்தான் திரும்பத் திரும்ப மாற்றம் வந்தது.

இப்போது எலியின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அளக்கிறோம். சீக்கிரம் வெளியேறினால் மறுபடி வேதியியல் மேசைக்குத்தான்.