லயத்துக்கு ஒரு வேலை அறை: மடிக்கணினிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

இலங்கை மலையகத் தோட்டங்களின் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் பிள்ளைகள் இணையம் வழியே உழைக்க மடிக்கணினி கொடுப்பதும் பயிற்சி நடத்துவதும் நல்ல காரியம்தான். ஆனால் சிக்னல், கரண்ட், முகவரி மூன்றும் சரிவராத இடத்தில் அந்தப் பயிற்சி ஒரு மாதம்கூடத் தாங்காது. தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும், அதாவது டிவிசனுக்கும், ஒரு பொது அறையை முதலில் ஒழுங்காக்குங்கள். பழைய பிள்ளைக்காம்பராவோ (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை) வாசிகசாலையோ போதும்.

சிக்னலில் பெரிய எதிரி தகரக் கூரை. காம்பராவுக்குள் (உள்ளறைக்குள்) வைத்த ரவுட்டரை, அதாவது சிம் போட்ட இணையப் பெட்டியை, இஸ்தோப்புப் (முன் திண்ணைப்) பக்க ஜன்னலுக்கு மாற்றினாலே பல இடங்களில் நிலைமை மாறிவிடும். ஃபோனில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி. என்றொரு எண் இருக்கும், கோபுரத்திலிருந்து வரும் சிக்னலின் பலத்தைச் சொல்வது அது. அது -90 அளவில் இருந்தால் நிம்மதி. -110ஐத் தாண்டிக் கீழே போனால் வீடியோ அழைப்பு திக்கித் திக்கித்தான் வரும். ரவுட்டரை ஓரிரு அடி நகர்த்தி, இரண்டு நிமிடம் பொறுத்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு தடவை, எல்லோரும் ஃபோனை எடுக்கும் இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை. எண் நன்றாக இருந்தும் இரவில் மட்டும் வேகம் விழுந்தால் அது கோபுரத்தில் நெரிசல். எந்த அன்டெனாவும் அதைத் தீர்க்காது.

வெளி அன்டெனா பூட்டுவோர் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. கூரையில் அன்டெனா, கீழே ரவுட்டர், நடுவில் பத்து மீற்றர் மெல்லிய வயர். அன்டெனா கூட்டித் தரும் பலத்தில் பெரும்பங்கை அந்த வயரே தின்றுவிடும். அன்டெனா வயரை இரண்டு மீற்றருக்குள் வைத்து, ரவுட்டரை அதன் பக்கத்திலேயே மழை படாமல் பொருத்தி, அங்கிருந்து கணினிக்கு இணையம் கொண்டுபோகும் லேன் கேபிளை இழுங்கள். அது 100 மீற்றர் வரை தாங்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி இடிக்கும். வானம் கறுக்கும்போதே பிளக்கோடு லேன், அன்டெனா வயர்களையும் கழற்றிவிட வேண்டும். பிளக்கை மட்டும் கழற்றினால் மின்னல் மற்ற வயர் வழியே வந்து ரவுட்டரைக் கருக்கிவிடும்.

கரண்ட் போனால் ரவுட்டருக்கு வேண்டியது ஏறக்குறைய 10 வாட்தான். அதற்கென்று கணினி யூ.பி.எஸ். (கரண்ட் போனால் கைகொடுக்கும் பற்றரிப் பெட்டி) வாங்க வேண்டாம், 12 வோல்ட்டை 230 ஆக்கித் திரும்ப 12 ஆக்குவதில் பற்றரி வீணாகும். ரவுட்டருக்கான சின்ன 12 வோல்ட் யூ.பி.எஸ். போதும். அதன் பெட்டியில் பற்றரியின் கொள்ளளவு 10,000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பது உள்ளேயுள்ள 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அதாவது 37 வாட்-மணி. இழப்புப் போக மூன்று மணித்தியாலம் ஓடும். பன்னிரண்டு மணித்தியாலம் அல்ல. அதே அறையில் தையல் வேலையும் நடந்தால் துணி தேய்க்கும் அயனுக்குத் தனி வயர் இழுங்கள். பழைய லயத்து வயரிங்கில் அயன் சூடேறும்போதெல்லாம் பல்பு மங்கும், ரவுட்டர் அணைந்து அணைந்து வரும்.

டேட்டா பெக்கேஜ்களில் இரவுப் பங்கு தனியாக இருந்தால் கணினி அப்டேட்டுகளை அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள். தெளிவான வீடியோ அழைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜீ.பி. எடுக்கும்.

இனிக் கடதாசி வேலை. சொந்தப் பெயரிலேயே தொழில் செய்தால் வியாபாரப் பெயர் பதிவு தேவையில்லை. வேறு பெயர் வைத்தால் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். கிராம உத்தியோகத்தரின் அறிக்கையோடு இடத்துக்கான ஆதாரமும் கேட்பார்கள். காணி உறுதி இல்லாத லயத்து மக்கள் நின்றுபோவது இங்கேதான். தோட்ட முகாமையாளரிடம் அந்த அறைக்கான சம்மதக் கடிதத்தை அறையைத் திருத்தத் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். தோட்டங்களுக்கும் பிரதேச சபை செலவு செய்யலாம் என்று 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே கூரைக்கும் பாதைக்கும் அங்கே மனுக் கொடுக்கலாம்.

கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய்க் கைமாறித்தான் லயத்துக்கு வரும். வங்கிக் கடிதங்கள் அப்படித்தான் தொலைகின்றன. டவுன் தபாலகத்தில் அறையின் பெயரில் ஒரு தபால் பெட்டி எடுத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டுப் பணத்துக்குக் கணக்குத் திறக்கும் முன், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் ஆங்கில எழுத்தில் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தகப்பன் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும், உழைத்த காசு வாரக்கணக்கில் நடுவழியில் நிற்கும்.