எங்கள் ஏற்றமும் கறங்கும் டயரும்

திற்பரப்பு ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் பாதை மொத்தமே எழுபது மீட்டர்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் விளை. கீழ்ப்பாதி கான்கிரீட், மேல்பாதி சரல் மண். 2017-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது இந்தப் பாதையின் குறுக்கே மட்டும் பதினோரு ரப்பர் மரம் சாய்ந்து கிடந்தது. அதையெல்லாம் வெட்டி அகற்றிய பிறகுதான் பாதிக்காவது கான்கிரீட் போட்டோம். மீதிக்குப் பணம் வரும் வரும் என்று இருக்கிறோம்.

என்னிடம் இருப்பது 2012 மாடல் மஹிந்திரா ஸ்கார்ப்பியோ. 2.2 லிட்டர் எம்ஹாக் டர்போ டீசல், பின்சக்கர ஓட்டம், நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோர் கிடையாது. நாகர்கோவிலில் ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கினேன். வெயில் காலம் முழுக்க ஒரு குறையும் சொல்ல முடியாது. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிய இரண்டாவது வாரம், அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன். கான்கிரீட் முடிகிற இடத்தில் பின்டயர் பிடிப்பில்லாமல் நின்ற இடத்திலேயே கறங்க ஆரம்பித்தது. நான் ஆக்ஸிலேட்டரை இன்னும் சவட்டினேன். இன்னும் கறங்கியது. வண்டி பக்கவாட்டில் நழுவி, இடது பின்சக்கரம் ஓடைக் கரையில் ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. அம்மா ஒன்றும் பேசவில்லை. சொட்டு மருந்து விட்டுக் கலங்கிய கண்ணோடு இறங்கி, குடையை விரித்துக்கொண்டு நடந்தே மேலே போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அடுத்த வீட்டுக்காரரின் ஆல்டோ அதே ஏற்றத்தில் முனகிக்கொண்டே ஏறிப் போனது. எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். ஏற்றத்தில் போகும்போது எடை பின்னால் சாயும். அதனால் பின்சக்கரம் இழுக்கிற வண்டிக்குத்தான் பிடிப்பு கூடுதலாகக் கிடைக்க வேண்டும். ஆல்டோவுக்கு முன்சக்கர ஓட்டம், நியாயப்படி அதுதான் கறங்க வேண்டும். அப்படியென்றால் கோளாறு பின்சக்கர ஓட்டத்தில் இல்லை. என் வண்டியிலோ என் காலிலோ எங்கேயோ இருக்கிறது.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். முதலில் காட்டிய ஒர்க்ஷாப்பில் கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் இரையும், டயர் சும்மா நிற்கும். டயரே கறங்குகிறது என்றால் இன்ஜின் சக்தி அதுவரை ஒழுங்காக வந்து சேர்கிறது என்றுதானே அர்த்தம்? பணத்தைக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் இந்தப் புத்தி வந்தது.

துப்பு கிடைத்தது உர மூட்டையில். ரப்பருக்கு உரம் வைக்க ஐம்பது கிலோ மூட்டை நாலு ஏற்றிக்கொண்டு வந்த நாளில், அதே மழையில், வண்டி சாந்தமாக ஏறிவிட்டது. பின்னாலே இருநூறு கிலோ கூடியதும் டயர் தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டது. அப்படியென்றால் எப்போதும் மணல் மூட்டை போட்டுக்கொண்டு ஓட்டலாமே என்று தோன்றும். அண்ணன் அதைத்தான் சொன்னான். செய்தும் பார்த்தேன், ஏறியது. ஆனால் கட்டாமல் போட்ட மூட்டை பிரேக் பிடித்தால் சீட்டின் முதுகில் வந்து முட்டுகிறது. டீசலும் கூடக் குடிக்கிறது. ஏற்றம் எழுபது மீட்டர், மார்த்தாண்டத்துக்கு வேலைக்குப் போய்வரும் தூரமோ தினமும் நாற்பது கிலோமீட்டர் பக்கம் வரும். எழுபது மீட்டருக்காக நாற்பது கிலோமீட்டர் மண் சுமக்க மனசில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டயர் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தேன். பட்டன், அதாவது டயர் மேல் இருக்கும் கட்டிகளின் ஆழம், நன்றாகவே இருந்தது, நாலு மில்லிமீட்டருக்குக் குறையாது. வாங்கும்போது அதைப் பார்த்துத்தான் ஏமாந்திருக்கிறேன். டயரின் பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டம் ஒன்று இருக்கும், அதில் நாலு எண். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். என் டயரில் 2314 என்று இருந்தது. 2014-ஆம் வருஷம் இருபத்து மூன்றாவது வாரம் செய்த டயர். நகத்தை அழுத்திப் பார்த்தேன். புதிய டயரில் நகம் லேசாகப் பதியும். இதில் ஓட்டில் கீறின மாதிரி சத்தம்தான் வந்தது. இத்தனைக்கும் நான் ரப்பர் விளைக்காரி. பால் வெட்டி, உறைய வைத்து, ஷீட் அடித்து, புகைக்கூட்டில் போட்டு விற்கிற வீட்டில் பிறந்தவள். ரப்பர் கிழடு தட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் பட்டன் ஆழத்தைப் பார்த்தேனே தவிர ரப்பரைப் பார்க்கவில்லை.

அப்புறம் காற்று. டயர் கடையில் யாரும் வண்டியின் காற்று அளவு ஸ்டிக்கரைப் பார்ப்பதில்லை, "பெரிய வண்டி" என்று ஒரே அடியாக 40 பிஎஸ்ஐ அடித்து அனுப்புகிறார்கள். காற்று கூடினால் டயர் நடுவில் உப்பி, தரையில் படும் பரப்பு சுருங்கிவிடும். நான் ஒரு வேலை செய்தேன். மரத்தில் வெட்டுக் குறி போடுகிற பெயிண்ட் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் டயர் கறங்கத் தொடங்கும் இடத்துக்கு நேராகப் பாதை ஓரத்துக் கல்லில் ஒரு கோடு போட்டேன். 40-இல் கான்கிரீட் முடியும் முன்னாலேயே கறங்கியது. 32-க்கு இறக்கினேன், இரண்டு வண்டி நீளம் கூடுதலாக ஏறியது. 26-க்கு இறக்கிப் பார்த்தபோது கிட்டத்தட்ட முற்றம் வரை வந்துவிட்டது. ஆனால் 26-ஐ வைத்துக்கொண்டு ரோட்டில் வேகமாகப் போகக் கூடாது. டயர் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. ஏற்றத்துக்கு ஒரு காற்று, ரோட்டுக்கு ஒரு காற்று என்று தினமும் பம்பைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியுமா? கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்கிற அளவே போதும் என்று முடிவு செய்தேன்.

டயர் இரண்டு மட்டும் முதலில் மாற்றினேன், 235/70 ஆர்16. புதியதைப் பின்னால் போட்டேன். கடைக்காரர் முன்னால் போடச் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. இழுக்கிற சக்கரம் பின்னால் இருக்கிறது, மழையில் பின்பக்கம் நழுவினால் வண்டியைத் திருப்பிப் பிடிப்பதும் கஷ்டம். சேற்று டயர் வாங்கு என்று அண்ணன் ஒரே பிடிவாதம். பெரிய பெரிய கட்டியாக இருக்கும் அந்த டயர் சரலில் நன்றாகப் பிடிக்கும், சரி. ஆனால் நனைந்த கான்கிரீட்டில் அது தொடும் இடம் குறைவு. எனக்குப் பாதி கான்கிரீட், பாதி சரல், மீதி நாளெல்லாம் தார் ரோடு. அதனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஏ.டி. (ஆல் டெரெய்ன்) டயர் எடுத்தேன்.

பாதிப் பிரச்சினை அதோடு போனது. மீதிப் பாதி டர்போவில் இருந்தது.

இந்த இன்ஜின் 1,500 ஆர்பிஎம்முக்கு, அதாவது நிமிஷத்துக்கு 1,500 சுற்றுக்கு, கீழே தூங்கும். டர்போவைச் சுற்றுவது இன்ஜின் விடும் புகைதான். புகை போதாதபோது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ள அதற்குத் திராணி இல்லை. ஏற்றத்தில் வண்டி திணறுகிறதே என்று நாம் சவட்டுவோம். ஒரு நொடி ஒன்றும் நடக்காது. பிறகு 1,800-ஐத் தொட்டதும் 290 நியூட்டன் மீட்டர் முறுக்கும் ஒரே அடியாக வந்து விழும். முதல் கியரில் அது பல மடங்கு பெருகித்தான் சக்கரத்துக்குப் போகிறது. நனைந்த சரல் அதைத் தாங்குமா? ஒருமுறை கறங்கத் தொடங்கிவிட்டால், நிலைத்து உருளும் டயருக்கு இருந்த பிடிப்புகூட அதற்குக் கிடைக்காது. இது கம்பெனி கொடுத்த 290-க்கான கதை. வண்டியை விற்றவருக்குச் சந்தேகத்தோடு போன் போட்டேன். அவர் பெருமையாகவே சொன்னார்: "பிக்கப் போதாதுன்னு ரீமேப் பண்ணி வச்சிருந்தேன். சொல்ல விட்டுப் போச்சு."

சொல்ல விட்டுப் போச்சாம்! ரீமேப் என்றால் இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி முறுக்கை இன்னும் கூட்டுவது. இன்ஜின் கம்ப்யூட்டரில் பழைய புரோகிராமையே திரும்ப ஏற்றிவிட்டேன். ஆரல்வாய்மொழி பக்கம் நேர் ரோட்டில் முன்பு போல் சீறவில்லை என்பது உண்மை. எனக்கு அங்கே சீறி ஆக வேண்டிய வேலை எதுவும் இல்லை.

கறங்கும்போது பின்னாலிருந்து டக் டக் என்று ஒரு அடி வரும். அது வேறு கதை. பின் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் ராடுகளின் புஷ் நைந்து, ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு துள்ளியிருக்கிறது. டயர் துள்ளும் நேரமெல்லாம் தரையில் பிடிப்பு இல்லாத நேரம். புஷ் செட்டும் இரண்டு ஷாக்கும் மாற்றியதும் அந்தச் சத்தம் நின்றது. கிளட்ச்சுக்குக் கொடுத்த பணத்தை முதலிலேயே இதற்குக் கொடுத்திருக்கலாம்.

இன்ஜின் சக்தியைப் பின்சக்கரம் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் விட்டுவைக்கவில்லை, விசாரித்தேன். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் பாசியில் நின்று கறங்கினால், அதைச் சுற்ற எவ்வளவு கொஞ்சம் போதுமோ அதே கொஞ்சம்தான் நல்ல தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் கிடைக்கும். மஹிந்திராவே 2015 தார் ஜீப்பிலும், பிறகு பொலேரோ நியோவின் மேல் மாடலிலும் ஈட்டன் கம்பெனியின் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியலைக் கொடுத்தது. இரண்டு சக்கரத்தின் வேகமும் ரொம்ப வித்தியாசப்பட்டால் உள்ளே இருக்கும் சிறு எடைத் துண்டுகள் விரிந்து, இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். ஆசையாகத்தான் இருந்தது. பழைய வண்டியில் ஹவுசிங்கைப் பிரித்து, கிரவுன் பினியன் பல்சக்கர இடைவெளி சரி பார்த்து மாட்ட நல்ல கை வேண்டும். அந்தச் செலவுக்கு மேல்பாதி கான்கிரீட்டே போட்டுவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் மாமாவை வரவழைத்தேன். பேச்சிப்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் முப்பது வருஷம் ஜீப் ஓட்டியவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை பார்த்தார். "நீ சவட்டுத சவட்டுக்கு அது கறங்கத்தான் செய்யும் மக்களே. ரெண்டாவதுல போடு. கீழயே வேகத்தை எடுத்துட்டு, நடுவுல காலை அசைக்காத."

இரண்டாவது கியரில் போனால் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு குறைகிறது. டர்போவும் கீழே ரோட்டிலேயே விழித்துக்கொள்வதால் நடு ஏற்றத்தில் திடீரென்று தூக்கி அடிப்பதில்லை. அவர் இந்த விளக்கமெல்லாம் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டது. இன்னொன்றும் காட்டினார். ஒரு சக்கரம் மட்டும் கறங்கினால் ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்துப் பிடிக்க வேண்டும். கறங்கும் சக்கரத்துக்குத் தடை வந்ததும், பிடிப்புள்ள சக்கரத்துக்கும் முறுக்கு கூடும். பழைய வண்டியில் இல்லாத, கறங்கும் சக்கரத்தைத் தானாகப் பிரேக் பிடிக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலைக் கையால் செய்வது மாதிரிதான். நீண்ட நேரம் பிடித்தால் பிரேக் ஷூ தீய்ந்த வாடை வரும், அதுவும் எனக்குத் தெரியும்.

இந்த வருஷ இடவப்பாதியில் இதுவரை ஓடையை எட்டிப் பார்க்கவில்லை. கல்லில் போட்ட பெயிண்ட் கோடுகளை எல்லாம் தாண்டி முற்றத்துக்கு வந்துவிடுகிறேன். ஒரே ஒரு இடம் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. அண்ணன் வீட்டுத் தண்ணீர் டாங்க் நிறைந்து வழிந்து, கான்கிரீட்டின் ஒரு மூலையில் பச்சைப் பசேலென்று பாசி. எந்த டயரும் அதில் நிற்காது. ப்ளீச்சிங் பவுடர் தூவி, வாரியலால் வாரம் ஒருமுறை தேய்த்துவிடுகிறேன். டாங்குக்கு மிதவை வால்வு போடு என்று அண்ணனிடம் மூன்று மாசமாகச் சொல்கிறேன். "மழை நிக்கட்டும்" என்கிறான்.