214 கோடி சொச்சத்தைக் கையால் வகுக்கிறேன்: முதல் வாரம்

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதாவது 2³¹ − 1. இது பகா எண் என்று 1772இல் கணித மேதை ஆய்லர் நிறுவினார். அப்போது ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த அவருக்குப் பார்வை அநேகமாக முழுவதும் போயிருந்தது. அவர் போன வழியில் நானும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. போன வாரம் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி ஆரம்பித்துவிட்டேன்.

இந்த எண்ணின் வர்க்கமூலம் 46,340ஐ லேசாகத் தாண்டுகிறது. அதுவரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவையே 4,700க்கு மேல்! ஆய்லரின் அழகு இங்கேதான். q என்ற பகா எண் இதை வகுத்தால், 2³¹ஐ qஆல் வகுக்க மீதி 1 வரும். ஃபெர்மாவின் தேற்றப்படி 2இன் (q − 1)ஆம் அடுக்குக்கும் மீதி 1தான். 31 பகா எண் என்பதால், q − 1ஐ 31 வகுத்தே ஆக வேண்டும். அப்புறம், 2³²இன் மீதி 2. அந்த 2³² என்பதோ 65,536இன் வர்க்கம். ஒரு வர்க்கத்தை ஒற்றைப் பகா எண்ணால் வகுத்து மீதி 2 வர வேண்டுமானால், அந்தப் பகா எண்ணை 8ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7தான் மிஞ்ச வேண்டும் என்பது தெரிந்த விதி. அதனால் qஐ 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7தான் மிஞ்சும். இரண்டையும் சேர்த்தால் q, 248k + 1 அல்லது 248k + 63 என்ற வடிவில்தான் இருக்க முடியும். மொத்தம் 373 எண்கள். அவற்றிலும் பகா எண்கள் மட்டும் போதும். இதை நானே எழுதி வரவழைத்த ராத்திரி தூக்கம் வரவில்லை.

63இல் தொடங்கி 2543 வரை 21 எண்கள். பகா எண்ணாகத் தேறியவை நான்கே: 311, 1303, 1489, 2543. நடுவில் 2047 வந்தது. அது 2¹¹ − 1, ஆனால் 23 × 89. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்குப் பாடத்தில் காட்டும் அதே எண்.

311ஐ நீள் வகுத்தலில் போட்டேன். ஓரிடத்தில் அடுத்த இலக்கத்தை இறக்க மறந்து மீதி தப்பாக வந்தது. திரும்பப் போட்டபோது ஈவு 69,05,092, மீதி 35. அதன் பிறகு வகுப்பதை விட்டு, 2இன் அடுக்குகளின் மீதியை மட்டும் பின்தொடர்ந்தேன். 1489க்கு அது எவ்வளவு சுலபமாக முடிந்தது தெரியுமா? 2¹⁴ = 16,384. 1489 × 11 = 16,379. மீதி வெறும் 5. அப்படியானால் 2²⁸க்கு 25, அதை எட்டால் பெருக்க 2³¹க்கு 200. ஒன்றைக் கழித்தால் 199. நோட்டில் மூன்றே வரி!

1303க்கு மீதி 226, 2543க்கு 1523. எதுவும் பூஜ்யம் இல்லை.

அடுத்து 2729. 47 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தாயிற்று, அதுவும் பகா எண்தான். நாளை சாயங்காலம் அதற்கு அடுக்கு ஏற்ற வேண்டும்.